எலுமிச்சம்பழத்துக்கு நின்ற வண்டி

வண்டி எலுமிச்சம்பழத்தைப் பார்த்து நின்றுவிட்டது.

நின்றதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. நான்கு விரற்கடை பின்னால் நகர்ந்து, ஆரஞ்சு விளக்கைச் சிமிட்டி, "தயவுசெய்து வழி விடுங்கள்" என்று தன்னைச் செய்த ஷ்ரேயாவின் குரலிலேயே பணிவாகக் கேட்டது.

எலுமிச்சம்பழம் வழி விடவில்லை.

அந்த ஆழ்வார்பேட்டைச் சந்தே கொல்லென்று சிரித்தது. பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது ஷ்ரேயாவுக்கு.

ஆளில்லாமல் தானே ஓடும் சாப்பாட்டு வண்டி அது. சரோஜாதேவி மெஸ்ஸிலிருந்து அறுபது பொட்டலங்களைச் சுமந்துகொண்டு சுற்றுவட்டார ஆபீஸ்களின் வாசலுக்குப் போய் நிற்கும். ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு லேத் பட்டறையின் பின்பக்கத்தில் ஷ்ரேயாவும் இரண்டு நண்பர்களும் ஒன்றரை வருடம் மல்லுக்கட்டிச் செய்தது. இதுவரை ஒருவரும் வாங்கவில்லை.

இன்று சரோஜாதேவி சரியென்றால் பட்டறை பிழைக்கும். வேண்டாமென்றால் மாதக் கடைசியில் பூட்டிவிட்டு, பெருங்குடியில் வீறாப்பாக விட்டுவந்த வேலைக்கே திரும்பிப் போக வேண்டியதுதான்.

நாய், மாடு, குழந்தை, பள்ளம், தண்ணீர் லாரி என்று எல்லாவற்றையும் பார்த்து நிற்கப் பழக்கியிருந்தாள். புது வண்டிக்குப் பூஜை போட்டால் சக்கரத்தடியில் பழம் வைத்து நசுக்குவார்கள் என்பது மட்டும் எப்படித்தான் மறந்துபோனதோ! இத்தனைக்கும் மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்தவள். அப்பாவின் ஸ்கூட்டருக்கு அவளே பழம் வைத்திருக்கிறாள்.

"முதல் பழத்துலயே மக்கர் பண்ணுதே" என்று கூட்டத்தில் யாரோ இழுத்தார்கள். சகுனம் பார்க்கிற குரல். ஷ்ரேயா பதறிப்போய் ஃபோனை எடுத்தாள்.

"ஒரு நிமிஷம் மேடம். அதோட கண்ணை ஆஃப் பண்ணிடறேன், நசுக்கிடும்."

வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார் சரோஜாதேவி. ஐந்து அடுப்பையும் பதினோரு ஆட்களையும் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஆட்டிவைக்கிற அம்மாள்.

"கண்ண கட்டிவுட்டா ஓட்டப் போற? ஃபோன உள்ள வைம்மா" என்றார். பிறகு மெஸ் பக்கம் திரும்பி, ஒரு தக்காளி கொண்டுவரச் சொன்னார்.

தக்காளிக்கும் வண்டி நின்றது. தயவுசெய்து வழி விடச் சொன்னது.

அவ்வளவுதான், சந்துக்குக் குஷி பிறந்துவிட்டது. எதிர் ஸ்டாண்டு ஆட்டோக்காரர் அன்வர் பாஷா தன் சாவிக்கொத்தைப் போட்டார். நின்றது. பூக்காரி ஒரு முழம் மல்லிகையை வைத்தாள். நின்றது. தேவானை என்ற சமையல்காரப் பெண் அடுப்பை விட்டு ஓடிவந்து, கையிலிருந்த மெதுவடையை நடுரோட்டில் வைத்தாள். வண்டி வடையிடம் கெஞ்சியது. வடையைக் கவ்வ ஒரு தெருநாய் வந்தது, அதனிடமும் கெஞ்சியது. நாய் சாவகாசமாகத் தின்றுவிட்டு, உதட்டை நக்கிக்கொண்டே போனது.

"இன்னா நைனா இது, மனுசனுக்கே பஸ்ஸு நிக்காத ஊர்ல வடைக்கு நிக்குது!"

அன்வர் பாஷா இப்படிச் சொன்னதும் சிரிப்பு அடங்கவே இல்லை. ஸ்விக்கிப் பையன்கள் பைக்கை நிறுத்திவிட்டு வீடியோ எடுத்தார்கள். மாடி பால்கனிகளில் எல்லாம் தலைகள். ஷ்ரேயாவுக்கும் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவமானம் போன இடம் தெரியவில்லை. பெற்ற பிள்ளை மேடையேறிப் பரிசு வாங்குவது போலப் பெருமையாக இருந்தது.

சரோஜாதேவி மட்டும் சிரிக்கவில்லை. நாற்காலியோடு தன்னை ரோட்டோரத்துக்கு நகர்த்தச் சொன்னார். ஒரு செருப்பைக் கழற்றினார். வலது காலை வண்டியின் பாதையில் நீட்டினார்.

"இப்ப வரச் சொல்லு."

அன்வர் பாஷா தலையில் கை வைத்துக்கொண்டார். தேவானை புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். பூக்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஒரு காலுக்கா இவ்வளவு என்று ஷ்ரேயாவுக்குப் புரியவில்லை. ஆனால் அவளுக்கும் ஒரு பயம் இருந்தது. போன வாரம் வெயில் கண்ணில் அடித்து, இந்த வண்டி ஒரே ஒரு தடவை நிற்காமல் போயிருந்தது. சரிசெய்தாகிவிட்டது. சரிசெய்தாகிவிட்டதா?

அந்தக் காலுக்குப் பக்கத்திலேயே மண்டியிட்டு, ஃபோனில் நிறுத்தும் சிவப்புப் பொத்தான்மேல் விரலை வைத்துக்கொண்டு கிளப்பினாள்.

ஐந்தடி. மூன்றடி. ஓரடி.

பெருவிரலுக்கு இரண்டு அங்குலம் முன்னால் வண்டி நின்றது.

அன்வர் பாஷா அடித்த விசிலில் மரத்துக் காக்கைகள் எல்லாம் எழும்பின. சரோஜாதேவி இப்போதுதான் சிரித்தார், உடம்பு முழுக்கக் குலுங்க. கன்றுக்குட்டியைத் தட்டுவது போல வண்டியின் தலையில் தட்டிக்கொடுத்தார்.

"இத்த இங்கயே வுட்டுட்டுப் போ. இன்னும் ரெண்டு செய்யி."

மண்டியிட்டபடியே நன்றி சொல்ல நிமிர்ந்த ஷ்ரேயாவின் கண்ணில், புடவைக் கொசுவத்துக்குக் கீழே அந்த அம்மாளின் இடது பாதம் பட்டது. செருப்போடு இருந்தது. தோல் நிறம்தான். ஆனால் நகங்கள் இல்லை. கணுக்காலுக்கு மேலே ஓர் இரும்புக் கம்பி பளபளத்தது.

"அஞ்சு வருசம் ஆச்சு. இதே வாசல்தான்" என்றார் அன்வர் பாஷா, அவள் காதோடு. "அரிசி எறக்க வந்த லாரி, பாக்காம ரிவர்ஸ் எட்த்துட்டான்."

அந்த அம்மாள் வண்டிக்கு முன்னால் நீட்டியது மிச்சமிருந்த காலை.