நேரம் திருப்பித் தரப்படும்

படம் பிடிக்காவிட்டால் மூன்று மணி நேரத்தையும் திருப்பித் தருவது எங்கள் தியேட்டரின் பெருமை. உள்ளே நுழைந்த நிமிடத்துக்கே திரும்பிவிடலாம். நடந்தது எதுவும் நினைவிருக்காது. வாசலில் டிக்கெட் கிழிக்கும் எனக்கு மட்டும் எல்லாம் நினைவிருக்கும். கொடுத்து வைத்தவன்.

இன்று காலப்பயணச் சண்டைப் படம். செழியனும் அவன் மனைவி வானதியும் வந்தார்கள். இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. முன்பே எடுத்த டிக்கெட்டை வீணாக்கவும் மனமில்லை. அவள் கையில் துணிப்பெட்டி.

“படம் முடிஞ்சதும் நான் அம்மா வீட்டுக்கு பஸ் ஏறுறேன்னு அவர்கிட்ட சொல்லிடுங்க” என்றாள் என்னிடம். அவன் பக்கத்தில்தான் நின்றான்.

படம் முடிந்து வந்தபோது பெட்டி அவன் கையில் இருந்தது. சிரித்துச் சிரித்து இருவருக்கும் கண்ணில் நீர்.

“சண்டையெல்லாம் பிரமாதம்ங்க. ஆனா ராஜா காலத்துக்குப் போன ஹீரோ போன் பேசுறான், டவர் கிடைக்குது!” என்றான் செழியன்.

“நம்ம வீட்டு ஹால்லயே கிடைக்காது” என்று அவன் தோளில் அடித்தாள் வானதி.

“இந்த லாஜிக்குக்கு மூணு மணி நேரம் வேஸ்ட். திருப்பிக் குடுங்க” என்றான் அவன்.

“யோசிச்சுக்கோங்க சார். உள்ள சிரிச்சதும் சேர்ந்து போயிடும்.”

“பரவாயில்ல, குடுங்கண்ணா. படம் அவ்வளவு மோசம்” என்றாள் அவள்.

ரசனை உள்ளவர்கள். நேரத்தைத் திருப்பும் பட்டனை அழுத்தினேன்.

பெட்டி அவள் கைக்குத் திரும்பியது.

“படம் முடிஞ்சதும் நான் அம்மா வீட்டுக்கு பஸ் ஏறுறேன்னு அவர்கிட்ட சொல்லிடுங்க.”

“ஒவ்வொரு தடவையும் சொல்லிக்கிட்டுதானேம்மா இருக்கேன்” என்றபடி டிக்கெட்டைக் கிழித்தேன்.