கோழிப்பண்ணை வெளிச்சம்

"இந்த நேரத்துலயும் பழிவாங்குறான் பாருங்கய்யா!"

கத்தியவர் நட்சத்திரம் பார்க்கும் சங்கத்தின் செயலாளர். மருந்துக்கடை வைத்திருக்கிறார். அவர் குரலுக்கு மட்டும் மருந்து கிடையாது.

சாயங்காலம்தான், ஆனால் புகையில் மலையே இருட்டிக் கிடந்தது. கீழ்ச்சரிவில் பிடித்த காட்டுத்தீ விறுவிறுவென்று மேலே ஏறிக்கொண்டிருந்தது. கரண்ட் போய்விட்டது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்துக் கோழிப்பண்ணையின் ராட்சத ஃபோகஸ் லைட் ஜெனரேட்டரில் பளீரென்று எரிந்தது. அதுவும் நேராக இவர்களுடைய தொலைநோக்கிக் கூடத்தின் வெள்ளை உருண்டைக் கூரை மேலேயே.

"கண்ணை மூடுங்க! இருட்டுக்குப் பழகின கண்ணு கெட்டுடும்!" என்றார் சங்கத்து டீச்சரம்மா, பழக்கதோஷத்தில்.

அந்த லைட்டோடு சங்கத்துக்குப் பல வருஷத் தகராறு. லைட் எரிந்தால் வானத்தில் ஒரு நட்சத்திரம்கூடத் தெரியாது. கெஞ்சினார்கள், மிரட்டினார்கள். பண்ணைக்காரர் மசியவில்லை.

"உங்க நட்சத்திரத்தை நரி தூக்கிட்டுப் போகாது. என் கோழியைத் தூக்கிட்டுப் போகும்" என்பார். சங்கத்தில் அவருக்கு 'ஃபோகஸ்' என்றே பெயர்.

கூடத்துக்குள்ளே தொலைநோக்கியின் பெரிய கண்ணாடி இருந்தது. கடையில் வாங்கியதல்ல. சங்கத்துத் தையல்காரர் வீட்டுப் பின்கட்டில், ஆள் மாற்றி ஆள், எட்டு வருஷம் கையால் தேய்த்துத் தேய்த்து உருவாக்கியது. அதைச் சட்டத்திலிருந்து கழற்றவே ஒரு நாள் பிடிக்கும். தீ அவ்வளவு நேரம் தரப்போவதில்லை.

தீயணைப்பு வண்டிக்குச் சொல்லியாயிற்று. வழி காட்ட, பாதை பிரியும் இடத்தில் தையல்காரர் டார்ச்சை ஆட்டிக்கொண்டு நின்றார். டார்ச்சில் சிவப்புக் காகிதம் ஒட்டியிருந்தது. வெள்ளை வெளிச்சமே கூடாது என்பது சங்கத்தின் சட்டமாயிற்றே!

செயலாளர் வேலியோரம் ஓடினார்.

"யோவ், அணைய்யா லைட்டை! புகையில வெள்ளைச் சுவர் மாதிரி நிக்குது. பொறி எங்க விழுதுன்னே தெரியல!"

"அணைக்க முடியாது. ஈரச்சாக்கை எடுத்துக்கிட்டுப் போய் உங்க கூரையைப் பாரு!"

"நீயெல்லாம் ஒரு மனுஷனாய்யா?"

ஃபோகஸ் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வேலிப் புதர்கள் சடசடவென்று பற்றிக்கொண்டன. வாசல் தார்ப்பாயில் பொறி விழுந்தது. செயலாளர் ஈரச்சாக்கால் அடி அடியென்று அடித்தார். மீசை பொசுங்கியதுகூட அவருக்குத் தெரியவில்லை. போச்சு, எட்டு வருஷ உழைப்பும் போச்சு என்று டீச்சரம்மா அழவே ஆரம்பித்துவிட்டார்.

சைரன் சத்தம் கேட்டது!

வண்டி உறுமிக்கொண்டு ஏறி வந்தது. குழாய்கள் சீறின. தீ முரண்டு பிடித்தது, பின்வாங்கியது, கடைசியில் புஸ்ஸென்று அடங்கியது. கூரையின் ஒரு பக்கம் கருகியிருந்தது, அவ்வளவுதான். கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை!

"ஜெயிச்சுட்டோம்!" செயலாளர் தையல்காரரைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டார். டீச்சரம்மா விசிலே அடித்தார்.

தீயணைப்பு வண்டி டிரைவர் நெற்றியைத் துடைத்தார். "வழியே தவறியிருப்போங்க. பாதை பிரியற இடத்துல சிவப்பா ஏதோ ஆடிச்சு. நெருப்புன்னு நினைச்சு வண்டியைத் திருப்பப் போனோம். அந்த நேரம் பார்த்து, மேல வெள்ளை வெளிச்சத்துல உங்க உருண்டைக் கூரை தெரிஞ்சுது. அதைப் பிடிச்சுக்கிட்டே வந்து சேர்ந்தோம். லைட்டைப் போட்ட புண்ணியவான் யாருங்க?"

தையல்காரர் டார்ச்சை மெதுவாகச் சட்டைப்பைக்குள் தள்ளினார்.

செயலாளருக்கு முகம் சுண்டிப்போயிற்று. "வாங்க" என்றார். எல்லோரும் வேலியைத் தாண்டிப் போனார்கள்.

அங்கே ஒரு கொட்டகை தரைமட்டமாகிப் புகைந்துகொண்டிருந்தது. முன்கூட்டியே திறந்துவிட்ட கோழிகள் முற்றமெங்கும் திரிந்தன. ஃபோகஸ் ஒரு சேவலைத் துரத்திக்கொண்டு தூரத்தில் ஓடினார். அவர் மனைவி வாளியோடு நின்றார்.

"கிணத்துல தண்ணி இருக்கு, மோட்டார் இருக்கு, ஜெனரேட்டரும் இருக்கு. கொட்டகையைக் காப்பாத்தியிருக்கலாமேம்மா?" என்றார் செயலாளர், குரல் இறங்கி.

"நானும் அதைத்தாண்ணே கத்தினேன். அந்தச் சின்ன ஜெனரேட்டர்ல மோட்டாரும் லைட்டும் சேர்ந்து ஓடாது. இவர் மோட்டார் வயரைப் பிடுங்கிட்டு லைட்டை மாட்டிட்டார். 'கொட்டகையை எட்டு நாள்ல போட்டுக்கலாம்டி, அவங்க கண்ணாடி எட்டு வருஷம் தேய்ச்சதாச்சே'ன்னார். சண்டைக்கு வரும்போதெல்லாம் நீங்கதானே அதைச் சொல்லிச் சொல்லிக் காட்டுவீங்க?"