சிவப்புத் துணி கட்டிய இரும்புப் பின்

மத்தியான வெயில் சாப்பாட்டு மேசைமேல் ஜன்னல் கம்பிகளைக் கோடு கோடாக வரைந்திருக்கிறது. நடுவில், சிவப்புத் துணி கட்டிய, விரல் நீள இரும்புப் பின் ஒன்று கிடக்கிறது. பழைய கருவிப் பெட்டியின் அடியில் இன்று காலையில்தான் அகப்பட்டது. போர்க்காலத்தில் விமானத்தளத்தில் மெக்கானிக்காக இருந்தவர் அதை எடுக்கிறார், வைக்கிறார், மறுபடி எடுக்கிறார். எதிரே, அதே தளத்தில் குண்டு ஏற்றிய ஒல்லி. நாற்காலி கொள்ளாத உடம்பாகியும் பட்டப்பெயர் மட்டும் இளைத்தபடியே இருக்கிறது.

“நம்ம ஆறு விமானமும் கடைசி வரைக்கும் பத்திரமா வந்துச்சுடா. நான்தான் எண்ணினேனே,” என்கிறார் ஒல்லி.

மெக்கானிக்குக்கும் அப்படித்தான் ஞாபகம். புகைக்குள்ளிருந்து ஆறு மூக்குகள் எட்டிப் பார்த்தது கண்ணிலேயே நிற்கிறது. ஆனால் விமானம் தரையில் நிற்கும்வரை, ஆபத்தில் பைலட்டை வெளியே வீசும் இருக்கை தவறுதலாக வெடிக்காதபடி, அதில் இந்தப் பின் செருகியிருக்கும். புறப்படும்போது உருவி, பைலட்டுக்கு உயர்த்திக் காட்டி, சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். திரும்பி இறங்கியதும் முதல் வேலை, அதை அங்கேயே செருகுவது.

“உபரியா ஒண்ணு இருந்திருக்கும், விடுடா.”

“உபரியே கிடையாதுடா. ஒரு விமானத்துக்கு ஒண்ணுதான்.”

மெக்கானிக்கின் வலது கை அவரைக் கேட்காமலே பின்னைத் தலைக்கு மேல் தூக்குகிறது. மின்விசிறிக் காற்றில் சிவப்புத் துணி படபடக்கிறது. நினைவில், விமானத்தின் கண்ணாடிக் கூண்டுக்குள்ளிருந்து யாரோ கட்டைவிரலை உயர்த்துகிறார்கள். முகம் மட்டும் பிடிபடவில்லை.

“ஆறும் வந்துச்சுன்னா, இதை நான் ஏன்டா திருப்பிச் செருகலை?”

ஒல்லி திரும்பி இறங்கிய விமானங்களை விரல்விட்டு முதலிலிருந்து எண்ணுகிறார். ஐந்தாவது விரலில் நின்றுவிடுகிறார்.