உயிரோடிருப்பவரின் கல்வெட்டு

தன்னுடைய கல்வெட்டை தியாகராசா காலைத் தேத்தண்ணி குடித்துக்கொண்டே வாசித்தார்.

கம்ப்யூட்டரைத் திறந்தது என்னவோ கனடாவிலிருந்து வரும் பேரப்பிள்ளைகளின் படங்களைப் பார்க்கத்தான். படங்களுக்குப் பக்கத்தில் 'யதுஷாவுக்கு' என்று புதிதாக ஒரு ஃபோல்டர் இருந்தது. மகளின் பெயராக இருக்கிறதே என்று அழுத்தினார்.

அவருடைய படம் வந்தது. சுற்றிவரக் கறுப்புக் கரை. கீழே, 'அமரர் தியாகராசா அவர்களின் நினைவுக் கல்வெட்டு.'

தோற்றம் என்ற இடத்தில் அவர் பிறந்த திகதி சரியாக இருந்தது. மறைவு என்ற இடத்தில் வெறும் புள்ளிகள்.

"பாலேஸ், இஞ்ச ஒருக்கா ஓடி வா!"

குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்த மனைவி பாலேஸ்வரி ஓடி வந்து திரையைப் பார்த்ததும் கதிரையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ கடவுளே! ஆரப்பா செய்வினை செய்தது?"

"கம்ப்யூட்டருக்குள்ள ஆரடி செய்வினை வைக்கிறது?"

வாய்தான் அப்படிச் சொன்னது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. செத்த முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு வருகிறவர்களுக்கு அச்சடித்துக் கொடுக்கிற புத்தகத்தை, பல் விளக்கிய கையோடு தானே வாசிப்பதென்றால் யாருக்குத்தான் படபடக்காது?

மறுநாள் பார்த்தால் அது வளர்ந்திருந்தது. அரசாங்க அலுவலகமான கச்சேரியில் பிரதம இலிகிதராக இருந்தது, கொழும்பு வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்தது எல்லாம் ஒன்றும் விடாமல் வந்திருந்தது. 'கோபக்காரர், ஆனால் சோறு போட முதல் ஆறிவிடுவார்' என்றும் ஒரு வரி. அடுத்த நாள் ஒரு தேவாரம் சேர்ந்திருந்தது. அவருடைய தாயின் செத்த வீட்டில் அவரே அழுது அழுது படித்த அதே தேவாரம்.

வீட்டில் அவர்கள் இருவரையும் தவிர யாருமில்லை. கம்ப்யூட்டரை அவரைத் தவிர யாரும் தொடுவதுமில்லை. பாலேஸ்வரி அதன்மேல் திருநீறு பூசிவிட்டு, அந்தப் பக்கமே வராமல் இருந்தாள்.

பொறுக்க முடியாமல் அதைத் தூக்கிக்கொண்டு காலி வீதி என்கிற பெரிய ரோட்டில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிற றெஜியிடம் போனார்.

றெஜி சிரித்தான். "பேயுமில்லை பிசாசுமில்லை அங்கிள். படம் அனுப்புறதுக்கெண்டு ஜனா அண்ணா கனடாவிலயிருந்து வந்து நிண்டபோது இதில ஒரு புரோகிராம் போட்டுத் தந்தவரெல்லோ?"

"ஓம். பாஸ்வேர்ட் ஞாபகம் வைக்க என்னால ஏலாது, உன்ர எக்கவுண்டிலயே போட்டு விடு எண்டு நான்தான் மகனிட்டச் சொன்னனான்."

"அங்கதான் பிழைச்சது. அது சிஸ்டத்தோட சேர்ந்திட்டுது. அவற்ற ஃபோல்டரும் உங்கட ஃபோல்டரும் இப்ப ஒண்டு. அவர் அங்க எழுத எழுத இஞ்ச வரும். படங்கள் மட்டும்தான் வருகுதெண்டு அவர் நினைச்சிருப்பார்."

பேயாக இருந்திருந்தாலும் பரவாயில்லை என்றிருந்தது தியாகராசாவுக்கு. பேய் பெற்ற பிள்ளை இல்லையே!

"நாங்கள் எப்ப போவம் எண்டு அண்ணனும் தங்கச்சியும் பாத்துக்கொண்டு இருக்கினமாக்கும்," என்று, விஷயத்தை வீட்டில் வந்து சொன்னதும் பாலேஸ்வரி மூக்கைச் சீறினாள்.

அவர் மகனுக்கு வீடியோ கோல் எடுத்தார். ஜனாவின் முகம் தெரியவில்லை.

"கமரா பழுதப்பா."

போன கிழமையும் பழுதுதான். முகத்தைப் பார்க்கப் பயப்படுகிறான், கள்ளன்.

"எப்ப வாறாய்?"

"இந்த வருஷம் ஏலாது போல கிடக்கு."

"வேலையோ?"

"ம்."

"அப்ப ஒண்டு சொல்லுறன், கேட்டுக்கொள். நான் செத்தாலும் நீ வரத் தேவையில்லை. உன்ர கொள்ளி எனக்கு வேண்டாம்!"

அந்தப் பக்கத்தில் மூச்சு வாங்குகிற சத்தமும், ஏதோ மெஷின் விட்டுவிட்டு 'பீப்' அடிக்கிற சத்தமும் மட்டும் கேட்டன.

"சரியப்பா," என்றான் ஜனா.

அவ்வளவுதான். ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. ஒரு சண்டை பிடித்திருந்தாலாவது மனம் ஆறியிருக்கும். கல்நெஞ்சன், என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ளப் பிறந்தவன் என்று திட்டியபடியே தியாகராசா கம்ப்யூட்டருக்கு முன்னால் போய் இருந்தார். அந்த ஃபோல்டரை அடியோடு அழித்துவிட்டுத்தான் மற்ற வேலை.

அழிக்க முதல், அப்படி என்னதான் எழுதிக் கிழித்திருக்கிறான் என்று கடைசிப் பக்கத்தைத் திறந்தார்.

'பாலேஸ்வரியின் அன்புக் கணவரும், ஜனா (கனடா), யதுஷா (லண்டன்) ஆகியோரின் பாசமிகு தந்தையும்...'

பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரையில் ஏதோ அசைந்தது. 'கனடா' என்ற சொல் பின்னாலிருந்து ஒவ்வொரு எழுத்தாகக் கரைந்தது.

வெள்ளவத்தையில் வெயில் கொளுத்துகிறது. அங்கே இப்போது சாமம். நித்திரையையும் விட்டுவிட்டு இருந்து எழுதுகிறான். கொள்ளி வேண்டாமென்று சொன்ன கோபத்தில் தன் பெயரையே எடுக்கப் போகிறான் போலிருக்கிறது.

"எடு! நல்லா எடு!" என்றார் தியாகராசா திரையைப் பார்த்து.

பெயர் அழியவில்லை. அதற்கு முன்னால் வந்து நின்ற கோடு ஒருமுறை மினுங்கி, தயங்கி, பிறகு எழுத்தெழுத்தாக நகர்ந்து முடித்தபோது அந்த இடத்தில், 'காலஞ்சென்ற ஜனா' என்றிருந்தது.