வலதுகால் ஷூ

அன்று வீட்டில் இருந்தவர்கள் ஹெஸ்டர், அவள் தம்பி ரோலண்ட், தச்சர் பாஸ்க். இங்கிலாந்தின் சஃபோக்கில் நானூறு வருடமாக நிற்கும் ஓக் மரச்சட்ட வீடு அது. அப்பாவின் மூத்திரச் சட்டியைத் தூக்கியது ஹெஸ்டர். வீடு போனது ரோலண்டுக்கு. மாலைக்குள் அவள் காலி செய்ய வேண்டும்.

உளுத்த உத்தரத்தை மாற்ற, புகைபோக்கிக்குப் பக்கத்தில் பாஸ்க் மண்பூச்சை உடைத்தார். சுவரின் குச்சிப் பின்னலுக்குள் ஒற்றை ஷூ கிடந்தது. கெட்டது அண்டாமலிருக்க வீடு கட்டியவர்கள் வைத்தது.

"இருந்த இடத்துலயே வச்சுப் பூசிடணும் சார். வாசலைத் தாண்டக் கூடாது."

ரோலண்ட் சிரித்தான். "அக்கா, உன் கோணக்கால் மாதிரியே இருக்கு. போட்டுப் பாரேன்."

"அப்பன் சாகறப்ப வராதவன், என் காலைப் பத்திப் பேச வந்துட்ட."

போட்டாள். அவள் பெருவிரல் எலும்பு புடைத்த இடத்தில் தோலும் புடைத்திருந்தது. பசு மிதித்து அவள் இழந்த சுண்டுவிரலுக்கு அதில் இடமே இல்லை.

பாஸ்க் அதை வாங்கி உள்ளே வைத்துப் பூசினார்.

"பெட்டியை எடு," என்றான் ரோலண்ட்.

மூவரும் வெளியே வந்தார்கள். ரோலண்ட் கடைசியாக வந்து சாவியைத் தேடினான். அவன் முதுகுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் இழுபட்டுப் பாதியில் நின்றது. எப்போதும் அப்படித்தான் நிற்கும்; தினமும் ஹெஸ்டர் வலதுகாலால் ஒரு உதை விட்டால்தான் விழும்.

ரோலண்ட் பக்கத்தில் நின்ற அக்காவைப் பார்த்தான். உள்ளே அந்த உதை விழுந்தது. கதவு பூட்டிக்கொண்டது.