ஏழாவது இணைப்பு

கல்வி அலுவலகத்துக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடைக்குள் தலைமையாசிரியர் மூச்சு வாங்க நுழைந்தபோது, விண்ணப்பக் கோப்பை ஒப்படைக்க முக்கால் மணி நேரம்தான் பாக்கி.

சிறந்த ஆசிரியர் விருதுக்கான விண்ணப்பம். மொத்தம் பதினோரு இணைப்புகள். மரம் நட்ட படம், நட்ட மரத்துக்குத் தண்ணீர் ஊற்றிய படம், கழிப்பறை திறந்துவைத்த படம் எல்லாம் கச்சிதமாக இருந்தன.

ஏழாவதுதான் இல்லை. ‘ஆசிரியரால் வாழ்வில் உயர்ந்த முன்னாள் மாணவர் ஒருவர் தம் கைப்பட எழுதிய கடிதம்.’

உயர்ந்தவர்கள் யாரும் ஊரில் இல்லை. டாக்டரானவன் போனை எடுக்கவில்லை. இன்ஜினியரானவன் எடுத்து, அப்புறம் பேசுவதாகச் சொல்லி வைத்துவிட்டான்.

தாள்களை மெஷினில் வைத்துக்கொண்டே கடைக்காரப் பெண் கேட்டாள்: “நான் எழுதித் தரட்டுமா சார்? நானும் உங்க பள்ளிக்கூடம்தான்.”

போன உயிர் திரும்பி வந்தது. முகம்தான் பிடிபடவில்லை. இருந்தாலும், “உன்னை மறப்பேனாம்மா?” என்றார்.

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு, அடித்தல் திருத்தல் இல்லாமல் ஒரு பக்கம் எழுதி நீட்டினாள்.

‘இன்று நான் சொந்தமாகக் கடை வைத்து, தம்பி தங்கைகளைக் கரையேற்றி, யார் தயவும் இல்லாமல் நிற்கிறேன். இதற்கெல்லாம் பிள்ளையார் சுழி போட்டவர் எங்கள் தலைமையாசிரியர். அன்று அவர் எடுத்த முடிவுதான் என் வாழ்க்கையை மாற்றியது.’

அவர் இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். கடைசி வரிதான் கொஞ்சம் மொட்டையாகப் பட்டது.

“என்ன முடிவுன்னு ஒரு வரி சேர்த்துடும்மா. கமிட்டியில கேப்பாங்க.”

அவள் பேனாவை மூடினாள்.

“பத்தாவதுல நூறு சதவீதம் தேர்ச்சி காட்டணும்னு, பரீட்சைக்கு முன்னாடியே எட்டுப் பேருக்கு டி.சி. கொடுத்து அனுப்பினீங்களே சார். நான் கணக்குல வீக்கு. மறுநாளே இந்தக் கடையில தூசி துடைக்க வந்துட்டேன். அதைச் சேர்க்கட்டுமா?”

இப்போது முகம் பிடிபட்டது. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, அவர் அறை வாசலில் மத்தியானம்வரை நின்ற முகம்.

தலைமையாசிரியர் கடிதத்தைக் கையில் எடுத்தார். ஆறாவது இணைப்புக்கும் எட்டாவதுக்கும் நடுவில், ஓரம் மடங்காமல் செருகினார்.

“வேண்டாம்மா,” என்றார். “ரொம்பப் புகழ்ந்த மாதிரி ஆயிடும்.”