மூன்றாம் ஓலை

“எயுந்துக்காதீங்கண்ணா, இது பாட்டு இல்ல. ஜெபம். தலைய குனிஞ்சிக்கினா போதும்.”

பக்கத்தில் இருந்தவர் வேட்டியைப் பிடித்து இழுக்காத குறைதான். சின்னராசு மறுபடியும் உட்கார்ந்தார். வந்து அரை மணி நேரத்தில் இது நாலாவது தடவை. எல்லோரும் எழுந்தபோது இவர் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் உட்கார்ந்தபோது இவர் எழுந்தார். தென்னேரியில் பன்னிரண்டு ஏக்கர் நெல் போடுகிற மனிதருக்கு, ஐம்பத்தாறு வயதில், எழவும் உட்காரவும் ஆள் சொல்லித்தர வேண்டியிருந்தது.

உத்திரமேரூருக்கு நெல் கொண்டு வரும்போதெல்லாம் இந்தக் கிறிஸ்தவக் கோயிலைத் தாண்டித்தான் போவார். உள்ளே வருவது இதுதான் முதல் முறை. வந்த காரியமும் ஒன்றே ஒன்றுதான். மகள் பிரபாவின் கல்யாணத்தை நிறுத்த வேண்டும்.

வழி சொன்னவர் ரைஸ் மில் ஜான்சன். “மூணு ஞாயித்துக்கெயம கோயில்ல ஓலை படிப்பாங்க. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை இருந்தா சொல்லுங்கன்னு ஆயர் கேப்பாரு. ரெண்டு வாரம் முடிஞ்சிடிச்சி. இந்த வாரமும் யாரும் வாய தொறக்கலன்னா அவ்ளோதான்.”

மச்சான் மோகன்குமாருக்கு இந்தப் பொறுமையெல்லாம் கிடையாது. “நாலு ஆளு, ஒரு வண்டி. பொண்ண தூக்கிக்கினு வந்துடலாம் மாமா. அந்தப் பையனயும் ஒரு கை பாத்துடலாம்,” என்றான்.

சின்னராசு ஒப்பவில்லை. வாயாலேயே நிறுத்திவிடலாம் என்றார். தன்னை நியாயஸ்தன் என்று நினைத்துக்கொள்வதில் அவருக்கு எப்போதும் ஒரு சந்தோஷம்.

பெண்கள் பக்கம் முன்வரிசையில் பிரபா இருந்தாள். வீட்டை விட்டுப் போய் நாலு மாதமாகிறது. ஞானஸ்நானமும் வாங்கிவிட்டாளாம். புத்தகத்தைப் பார்க்காமலே பாடினாள். அவளுக்கு எதிரே கீபோர்டில் அவள் கட்டிக்கொள்ளப்போகிற அந்த ஆல்வின். இருவரும் இவர் வந்ததைக் கவனிக்கவில்லை.

“நல்லா வாசிக்கிறான் இல்ல?” என்றார் பக்கத்து ஆள், கீபோர்டைப் பார்த்து.

“எனக்கு இன்னா தெரியும்?”

“நானும் இந்தக் கோயிலுக்குப் புதுசுதாண்ணா. எங்களுது ஆத்தங்கரப் பக்கம், ஒரு வூட்டுல நடக்கற சின்ன சபை. இங்க ஃபேனெல்லாம் கீது. இப்டி தள்ளிக் குந்துங்க, காத்து வரும்.”

அவரே பக்கம் தேடி, பாட்டுப் புத்தகத்தை இருவருக்கும் நடுவில் பிடித்தார். கதிர் அறுத்துக் காய்த்துப்போன கை. அந்த மாதிரிக் கைகளுக்குக் காலமெல்லாம் கூலி கொடுத்திருக்கிறார் சின்னராசு. ஒரே பெஞ்சில் உட்கார்ந்ததில்லை.

“ஒங்களுக்கு ரொம்ப வேர்க்குது. எதுனா மனக் கஷ்டமாண்ணா?”

“ஒரு விஷயம் சொல்லணும்னு வந்தேன். வாய் வரல.”

“எனக்கும் அதே கததான். ஒரு வாரமா சோறு எறங்கல. சொல்லிட்டா பாரம் கொறஞ்சிடும்ணா. தைரியமா சொல்லுங்க.”

பிரசங்கம் முடிந்தது. ஆயர் ஒரு தாளை எடுத்தார்.

“மாகறல் பீட்டரின் குமாரன் ஆல்வினுக்கும், தென்னேரி சின்னராசுவின் குமாரத்தி பிரபாவுக்கும் விவாகம் நிச்சயிக்கப்பட்டிருக்கிறது. இதற்குத் தடை ஏதாகிலும் அறிந்தவர்கள் இருந்தால் இப்போது தெரிவிக்கவும். இது மூன்றாம் ஓலை.”

தன் பெயரை மைக்கில் கேட்டதும் சின்னராசு முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டார். எழுந்திரு, எழுந்திரு என்று தன்னையே அதட்டிக்கொண்டார்.

எழுந்தது பக்கத்து ஆள்.

“ஐயா, எனக்குத் தடை கீது. நான் பையனோட அப்பன், பீட்டரு.”

“நைனா, குந்து!” என்று ஆல்வின் கத்தினான். கோயிலே திரும்பிப் பார்த்தது. பிரபாவும் திரும்பினாள். பீட்டருக்குப் பக்கத்தில் இருப்பது யார் என்று பார்த்ததும் வெளுத்துப்போனாள்.

“பொண்ணு மேல ஒரு கொறயும் இல்லீங்க. தங்கமான பொண்ணு,” என்றார் பீட்டர். “ஆனா அவங்கப்பாரு நெலம் நீச்சோட கீறவரு. நாங்க அவரு மாதிரி ஆளுங்ககிட்ட கூலிக்குப் போறவங்க. இந்தக் கல்யாணம் நடந்தா எம் புள்ளய அவரு உசுரோட வுடமாட்டாரு. எனக்கு இருக்கறது ஒரே புள்ளங்க. அவனுக்குக் கல்யாணமே ஆவலன்னாலும் பரவால்ல, உசுரோட இருந்தா போதும்.”

வந்த காரியம் தானாகவே முடிந்துவிட்டது. சின்னராசு வாயைத் திறக்கவே வேண்டாம். செருப்பை மாட்டிக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடிக்கலாம். ஆனால் மோகன்குமார் சொன்ன நாலு ஆளும் ஒரு வண்டியும் ஞாபகத்துக்கு வந்து தொலைத்தது. இந்த மனிதன் பொய் சொல்லவில்லை. காற்று வர இடம் விட்டவன், தன்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, யாரென்று தெரியாமல், கொலைகாரன் என்கிறான். சின்னராசுவுக்கு அவமானமாக இருந்தது.

“பெண்ணின் தகப்பனார் உங்களை வந்து மிரட்டினாரா, பீட்டர்?” என்று ஆயர் கேட்டார்.

“இல்லீங்கய்யா. அவரு மூஞ்சியக்கூட நான் பாத்ததில்ல.”

சின்னராசு எழுந்து, காய்த்துப்போன அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இப்ப நல்லா பாத்துக்கோங்க, சம்பந்தி.”